இரண்டு விரல் குறைவு

சனிக்கிழமை என் நெற்றி எனக்குச் சொந்தமில்லை.
நெற்றிப்பட்டையில் மூங்கில் கூடை தொங்க,
கக்கத்தில் கோடுபோட்ட நோட்டுடன்
மேல்தெருவில் தொடங்கிக் கீழ்ச்சரிவு வரை
நாற்பத்தொரு வாசல் ஏறி இறங்குவேன்.

எங்கள் மிசோ மலையில் வழக்கம் இது:
உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி
தனி டப்பாவுக்குப் போகும்.
காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.
வாரம் முடிந்தால் அதை வாங்கிக்கொண்டு போய்க்
கோவில் பின்னறையில் கொட்டுவேன்.
அது விற்ற காசில்தான்
எங்கோ ஒரு பள்ளிக்குக் கூரை,
யாரோ ஒருவர் காய்ச்சலுக்கு மருந்து.
பிடிக்கு அளவு கிடையாது. கைதான் அளவு.

அந்த ஆண்டு மூங்கில் பூத்தது.
தெரியாதவர்களுக்கு அது அழகான வாக்கியம்.
எங்களுக்குப் பூவின் பின்னே விதை,
விதையின் பின்னே எலி,
எலியின் பின்னே ஒன்றுமில்லை.
ஒரே ராத்திரியில் தார்ச்சிங்கியின் சரிவு வயல்
வெறும் தாளாய் நின்றது.
காலையில் போய்ப் பார்த்தவள்
திரும்பிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள் என்றார்கள்.

நான் இரக்கப்பட்டேன்.
மலிவான இரக்கம்; ஒரு பென்சில் போதுமாயிருந்தது.
முப்பத்தேழாம் வீட்டின் மேல் ஒரு கோடு.
அடுத்த சனி அவள் வாசலில்
செருப்புச் சத்தம் எழாமல் நடந்தேன்.

வளைவு தாண்டவில்லை,
"ஏய்!" என்று மேலிருந்து ஒரு குரல்.
புவான் துணியை முழங்காலுக்கு இழுத்துச் செருகிப்
பன்றிப்பட்டி வழியாக ஓடிவருகிறாள்,
கையில் பால்பவுடர் டப்பா.
"என் பேரை யார் அடித்தது?"
"நான்தான். இந்த வருஷம் மட்டும்..."
"கிழங்கு தின்கிறேன், ஆமாம்.
ரேஷனில் வந்தது அரை மூட்டை, அதுவும் ஆமாம்.
உலை ஏறுதா இல்லையா என் வீட்டில்?
ஏறுகிற வரைக்கும் அவருக்கும் பங்கு உண்டு.
பந்தியிலிருந்து எழுப்பிவிட நீ யார்?
அவரையா, என்னையா?"

டப்பாவைக் கவிழ்த்தாள்.
வழக்கமாக வருவதில் ஒரு மணி குறையவில்லை.
அப்போதுதான் அந்த வலக்கையைப் பார்த்தேன்,
பதினெட்டு வருஷமாய்ப் பார்த்த கையை.
காடு வெட்டுகையில் கத்தி கொண்டுபோயிருந்தது
சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும்.
"இதில் பிடி நிற்காது, ஒழுகும்.
அதனால் ஒரு பிடி, அப்புறம் ஒரு அரைப்பிடி.
விரல் போனது என் கணக்கு.
அதை அவர் தலையில் ஏன் கட்டணும்?"
சொல்லிக்கொண்டே கூடை விளிம்பில் ஒட்டிய
நாலைந்து மணியைத் தட்டி உள்ளே தள்ளினாள்.

நோட்டில் நானே அழித்தேன்.
கோடு முழுதாய்ப் போகவில்லை.

அன்றைக்குப் பின்னறையில் விற்ற அரிசியில்
இரண்டு படி நான் வாங்கினேன்.
நாற்பத்தொரு வீட்டு அரிசி:
சிவப்பு, வெள்ளை, ஒட்டுகிற ரகம், ரேஷனின் பழுப்பு,
ஒன்று குழைந்தாலும் இன்னொன்று வேகாது.
களையுமுன் பானைக்குள் கைவிட்டேன்.
ஐந்து விரலும் முழுசாய் இருக்கிற கை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.
எனக்கொரு பழக்கம்.
அள்ளும்போது நிறையவே அள்ளுவேன்.
பானைக்கு மேல் ஒரு நொடி நிறுத்துவேன்.
விரல்கள் தாமாக இளகும்.
இடுக்கு வழியே மணிகள்
திரும்பப் பானைக்கே உதிரும்.
நின்றது டப்பாவுக்கு.
யாரும் பார்த்ததில்லை.
எட்டு வருஷமாய் நானும் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன்.
பயந்து கையை இறுக்கினேன்;
இறுக்கினால் கொஞ்சம்தான் நிற்கிறது.
விரித்துக் குழித்தேன். குவிந்தது.
அடுப்பில் தண்ணீர் சத்தம்போடத் தொடங்கிவிட்டது.
உள்ளறையில் மகன், "இன்னும் எவ்வளவு நேரம்?"
குவிந்த கையுடன் நின்றேன்,
பானைக்கும் டப்பாவுக்கும் நடுவே.
ஒன்றரை அடி இருக்கும்.
கூடை சுமந்த எந்தச் சனிக்கிழமையும்
அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை.